சத்துவாச்சாரி: பக்கத்து மனைக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தை வாங்குவது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பகுதியில் இருக்கிறோம். 20 அடி தெரு, எல்லாம் தனி வீடுகள். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு தரைத்தளம் போக நாலு மாடி எழுப்புகிறார்கள். தை மாதம் பில்லர் போட்டார்கள், இப்போது மூன்றாவது தளத்துக்கு சென்ட்ரிங் அடித்தாயிற்று. பக்கவாட்டில் இடமே விடவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கதவு அவர்கள் சுவரில் இடிக்கிறது.

ஒவ்வொரு அறைக்கும் தனி பாத்ரூம் வைப்பதைப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் லாட்ஜ் போலத் தெரிகிறது. வீடு என்று அனுமதி வாங்கியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்தான், கையில் ஆதாரம் இல்லை.

உரிமையாளரிடம் பேசினோம், "பிளான் பாஸ் ஆகிடுச்சு சார்" என்பதோடு சரி. காகிதத்தைக் கண்ணில் காட்டவில்லை. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தோம், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தோம். ரசீது வந்தது, ஆய்வுக்கு யாரும் வரவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 56, 57-இன்படி நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தலாம். ஆனால் 2019 கட்டட விதிகளை மீறியிருக்கிறார்கள் என்று காட்ட வரைபடம் வேண்டும். அதை ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கேட்டதற்கு, "மூன்றாம் நபர் தகவல், தர இயலாது" என்று பதில்.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். அதில் என்ன காரணம் எழுதினால் வரைபட நகல் கிடைக்கும்? வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.