எல்டன் ஜான் உண்மையில் திரும்பி வந்தது எந்தப் பாட்டில்?

நித்யா_கோவை

என் மகள் போன வாரம் ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானின் வாழ்க்கைக் கதையான 'ராக்கெட்மேன்' படம் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்: "மறுவாழ்வு மையத்தை விட்டு வெளியே வந்ததுக்கு அப்புறம் இவர் என்னம்மா பண்ணினார்?" படம் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது. அவளுக்குத் தெரிந்த அடுத்த எல்டன் ஜான், 1994இல் 'லயன் கிங்' படத்துக்குப் பாடியவர். நடுவில் உள்ள வருடங்கள் அவளுக்கு வெறும் இடைவெளி. நான் அவரைக் கேட்க ஆரம்பித்ததே அந்த வருடங்களில்தான். அதனால் மனசு கேட்காமல் இங்கே வந்து கேட்கிறேன்: இவர் திரும்பி வந்துவிட்டார் என்று உங்களுக்கு எந்தப் பாட்டில் தோன்றியது?

என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 1992இல் வந்த 'தி ஒன்'. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. ஸ்டார் டிவியில் எம்டிவி ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் மட்டும் குறைத்து வைக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அதுவரை எனக்கு எல்டன் ஜான் என்றால் அண்ணன் வைத்திருந்த பழைய பத்திரிகைப் படங்கள்தான்: இறகு, ஜிகினா, முகத்தை மறைக்கும் கண்ணாடி. 1980இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் டொனால்ட் டக் வேஷத்தில் பியானோ வாசித்த ஆள். அவர் இப்போது நிதானமாக, ஒரு வார்த்தையையும் அவசரப்படுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார். அப்பா வெளியே போகும் நேரம் பார்த்து சத்தத்தைக் கூட்டிக் கேட்பேன்.

அதன் பின்கதை பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1990 ஜூலையில் சிகாகோ பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்கிறார். குடி, கொக்கெய்ன், சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் புலிமியா மூன்றுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை வேண்டும். அங்கே துணி துவைக்கும் மெஷினை எப்படி ஓட்டுவது என்று மற்ற நோயாளிகள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 43. வெளியே வந்த பிறகு பெரும்பாலும் வேலையை ஒதுக்கியே வைத்திருந்தார். அப்புறம் பாரிசில் ஸ்டூடியோவுக்குப் போகிறார். போதை இல்லாமல் முழு ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. முதல் நாள் கொஞ்ச நேரத்திலேயே முடியாது என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்து உட்கார்ந்தார். அந்த ஆல்பம்தான் 'தி ஒன்'. அந்த மறுநாளைத்தான் நான் திரும்பி வந்த நாள் என்று எண்ணுகிறேன். நீங்கள்?

ராசன்_லண்டன்

தங்கச்சி, உங்கள் கதை நல்லாயிருக்கு. ஆனால் அந்த நேரம் இங்கிலாந்தில் இருந்த ஆரைக் கேட்டாலும் 1990 ஜூன் என்றுதான் சொல்லுவினம்.

நான் அப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு பெற்றோல் செற்றில் பின்னேர வேலை. ஊரிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ, எப்போதும் பிபிசியின் ரேடியோ 1. ஸ்டீவ் ரைட்டின் நிகழ்ச்சியில் 'சாக்ரிஃபைஸ்' பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அது 1989இலேயே இங்கே வெளிவந்து 55ஆம் இடத்துக்கு மேலே ஏறாமல் விழுந்த பாட்டு. இவர் போடப் போட ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். பிறகு 'ஹீலிங் ஹாண்ட்ஸ்' பாட்டோடு சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். ஐந்து வாரம் முதலிடம்!

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் என்னவென்றால், இங்கிலாந்தில் அவர் தனியாகப் பாடி முதலிடம் வந்த முதல் பாட்டு அதுதான். 1976இல் கிக்கி டீயோடு சேர்ந்து பாடியது முதலிடத்தில் இருந்தது. தனியாக ஒருதரமும் இல்லை. இருபது வருடமாகப் பாடிக்கொண்டிருந்த மனிதன்! எழுபதுகளில் அமெரிக்காவையே ஆட்டிப் படைத்தவர், சொந்த நாட்டில் ஒரு மங்கிப்போன பாட்டை ரேடியோ தூக்கிவிட்டபிறகுதான் இந்த இடத்துக்கு வந்தார். கூடவே 'ஸ்லீப்பிங் வித் தி பாஸ்ட்' ஆல்பமும் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாட்டில் வந்த காசை எயிட்ஸ் தர்ம நிறுவனங்களுக்குக் கொடுத்தார்.

காரில் பெற்றோல் அடிக்க வருகிறவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு அதே பாட்டைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். கடைக்குள் என் ரேடியோவிலும் அதே பாட்டு. எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் காசை வாங்கிக்கொண்டே சேர்ந்து முணுமுணுக்க முடிந்தது. இந்த நாட்டு ஆட்களோடு நான் சேர்ந்து பாடிய முதல் பாட்டு. அதனால் என் ஓட்டு அதுக்குத்தான்.

நித்யா_கோவை

ராசன் அண்ணா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாட்டு முதலிடத்துக்கு ஏறிய நேரத்தில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று பாருங்கள். அடுத்த மாதமே மருத்துவமனையில் சேர்கிற அளவுக்கு உடைந்திருந்தார். பாட்டு திரும்பி வந்தது, சரி. ஆள் வரவில்லையே. நான் ஆளைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஜார்ஜ்_ரசிகன்

இரண்டு பேரும் நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1991 மார்ச் 23, வெம்பிளி அரீனா. பாடகர் ஜார்ஜ் மைக்கேல் 'டோன்ட் லெட் தி சன் கோ டவுன் ஆன் மீ' பாதி வரை தனியாகப் பாடுகிறார். அப்புறம் எல்டன் ஜான் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைக்கிறார். அந்த இடத்தில் கூட்டம் போடும் சத்தம் ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இந்த மனிதரை மக்கள் மறக்கவே இல்லை என்பதற்கு எனக்கு அந்தச் சத்தம் போதும். 1974இல் எல்டன் பாடியபோது இங்கிலாந்தில் 16ஆம் இடம் வரைக்கும்தான் போன பாட்டு. இந்தப் பதிவு 1991 டிசம்பரில் அங்கே முதலிடம், 1992 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் முதலிடம். அப்போது அவர் போதையை விட்டாயிற்று நித்யா அக்கா, உங்கள் கணக்குக்கும் சரியாக வரும்.

செவிலி_மாலா

நித்யா சொன்ன அதே 'தி ஒன்' ஆல்பம்தான். ஆனால் நான் கடைசிப் பாட்டைச் சொல்வேன், 'தி லாஸ்ட் சாங்'. எயிட்ஸால் இறந்துகொண்டிருக்கும் ஒரு மகன், அவனை விலக்கி வைத்திருந்த அப்பா கடைசியில் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவது. அவ்வளவுதான் கதை.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஒரு வார்டில் வேலை பார்த்தேன். எச்ஐவி என்று தெரிந்ததும் நோயாளியைப் பார்க்க வருவதையே நிறுத்திவிடும் குடும்பங்கள் இருந்தன. சாப்பாட்டுக் கேரியரை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். என்னோடு தங்கியிருந்த ஒரு பெண்ணின் கேசட்டில்தான் இந்தப் பாட்டை முதலில் கேட்டேன். பாட்டில் வரும் அப்பா உள்ளே வருகிறார். எங்கள் வார்டில் வாசல் தாண்டி வந்த அப்பாக்களை எனக்கு இன்னும் முகம் முகமாக ஞாபகம் இருக்கிறது.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இண்டியானாவில் ரயன் வைட் என்று ஒரு பையன். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய்க்குக் கொடுத்த மருந்து வழியாக எச்ஐவி தொற்றியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள். எல்டன் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர். பையனின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். 1990 ஏப்ரல் 8ஆம் தேதி 18 வயதில் அவன் இறந்தான். இறுதிச் சடங்கில் 'ஸ்கைலைன் பிஜன்' பாட்டைப் பியானோவில் வாசித்துப் பாடினார். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் சிகிச்சைக்குப் போனார். அந்தப் பையனும் அவன் அம்மாவும் தன்னை விழிக்க வைத்தார்கள் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்து 1991 நவம்பர் 24, குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்க்குரி எயிட்ஸால் இறந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தலையணை உறைக்குள் சுற்றிய ஓவியம் எல்டன் கைக்கு வருகிறது. சாகும் தறுவாயில் ஃப்ரெட்டி அவருக்காக வாங்கி வைத்த பரிசு. அந்தக் காலத்தில்தான் எல்டனின் பாடலாசிரியர் பெர்னி டாபின் இந்தப் பாட்டுக்கு எழுதிய வரிகளுக்கு எல்டன் அழுதுகொண்டே மெட்டுப் போட்டார். 1992இல் அட்லான்டாவில் எயிட்ஸ் அறக்கட்டளையையும் தொடங்கினார். அவர் எதற்காகத் திரும்பி வந்தார் என்று கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ராசன்_லண்டன்

மாலா சொன்னதுக்குப் பிறகு எனக்கு வாதாட மனமில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1992 ஏப்ரல் 20, வெம்பிளி மைதானத்தில் ஃப்ரெட்டிக்கு நடந்த அஞ்சலி. எல்டன் 'பொஹீமியன் ராப்சடி' தொடங்குவார், பிறகு ராக் பாடகர் ஆக்செல் ரோஸ் ஓடி வந்து சேர்வார். தொலைக்காட்சியில் பார்த்தேன். எங்கள் அறையில் இருந்த ஐந்து பெடியளும் கதையை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தோம். மகளுக்கு அதையும் காட்டுங்கோ.

நித்யா_கோவை

எல்லோருக்கும் நன்றி. மாலா அக்கா, நேற்று இரவு 'தி லாஸ்ட் சாங்' போட்டுக் காட்டினேன். பாட்டு முடிந்ததும் ரயன் வைட் பற்றித் தேடிப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பையனுக்கும் தன் வயதுதான் என்பது அவளை ரொம்பப் பாதித்துவிட்டது.

வரிசை இப்படி வைத்திருக்கிறேன்: 'சாக்ரிஃபைஸ்', வெம்பிளி அரீனா பதிவு, ஃப்ரெட்டி அஞ்சலி, 'தி ஒன்' ஆல்பம் முழுவதும். 'லயன் கிங்' அதற்கு அப்புறம்தான். இன்னும் எதையாவது விட்டிருக்கிறேனா?

ஜார்ஜ்_ரசிகன்

'டூ ரூம்ஸ்' சேருங்கள். 1991இல் மற்றவர்கள் எல்டன், பெர்னி பாட்டுகளை எடுத்துப் பாடிய ஆல்பம். அதில் பாடகி கேட் புஷ் 'ராக்கெட் மேன்' பாட்டை ஜமைக்காவின் ரெகே தாளத்தில் பாடியிருப்பார். படத்தில் கேட்ட பாட்டுதானா இது என்று உங்கள் மகள் கேட்பாள் பாருங்கள்.