மறு: 'லேபர் ஹோர்டிங்' - 'ஆளிருப்பு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பொருளாதார மந்தத்தில் வேலை குறைந்தும் முதலாளி ஆட்களை அனுப்பாமல் வைத்திருப்பதை ஆங்கிலத்தில் 'லேபர் ஹோர்டிங்' என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். முதலில் வந்த 'ஆள் பதுக்கல்' எனக்கு ஒட்டவில்லை. பதுக்கல் என்றதும் அரிசி மூட்டையும் கள்ளச்சந்தையும்தான் கண்முன் வரும். இந்த முதலாளி எதையும் ஒளிக்கவில்லையே. அடுத்து வந்த 'ஆள் தாங்கல்' கேட்க இனிமை. 'ஆட்களைத் தாங்கியது' என்று வினையாகவும் வரும். ஆனால் முதலாளியை வள்ளலாக்கிவிடுகிறது. அவர் போடுவது கணக்கு.

அந்தக் கணக்கை டர்பனில் நன்றாகவே பார்க்கலாம். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் வரையறைப்படி 1999 செப்டம்பரில் தொடங்கிய பொருளாதார ஏறுமுகம் 2007 நவம்பரோடு முடிந்து, இறங்குமுகம் 2009 ஆகஸ்ட் வரை நீடித்தது. இறங்குமுகம் வந்தவுடன் ஆளைக் கழித்துவிட முடியாது. தொழிலுறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி முதலில் கலந்து பேச வேண்டும். அனுப்பினால் முடித்த ஒவ்வொரு பணியாண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். ஆர்டர் திரும்பும்போது புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவு தனி. அதனால்தான் துணி ஃபேக்டரியில் காலர் வைக்கத் தெரிந்த கையை லேசில் விடமாட்டார்கள். நூல் வெட்டுகிறவர், பெட்டி கட்டுகிறவர் முதலில் வெளியே. காலர்க்காரம்மா சாம்பிள் தைத்துக்கொண்டு, மெஷினைத் துடைத்துக்கொண்டு இருப்பார், சம்பளம் ஓடும். கட்டட வேலையில் இதெல்லாம் அபூர்வம்: சைட் முடிந்தால் ஆளும் போச்சு.

'ஷார்ட் டைம்' வேறு. வெள்ளிக்கிழமை கேட் பூட்டு, அன்றைய கூலியும் இல்லை. இழப்பு தொழிலாளி தலையில். அதற்குக் 'குறைநேர வேலை' போதும், இதோடு கலக்க வேண்டாம். 2020 பொதுமுடக்கத்தில் வேலையின்மைக் காப்பீட்டு நிதியம் 'டெர்ஸ்' என்ற தற்காலிக நிவாரணத் திட்டத்தில் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்ததே, அது இன்னொரு வகை: ஆள் கம்பெனியில், செலவு நிதியத்தில்.

ஆக என் வாக்கு 'ஆளிருப்பு'க்கு. கடைத்தெருவில் 'சரக்கை இருப்பு வைத்தான்' என்கிறோமே, அந்த இருப்பு. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'மந்தத்தில் ஆலைகள் ஆளிருப்பு வைத்தன; தலைக்கு உற்பத்தி சரிந்தது. மீட்சியில் முதலில் அந்த இருப்பைக் கரைத்தன, புது ஆள் எடுக்கவில்லை.' தடுக்கவில்லை. உற்பத்தி விழும் அளவுக்கு வேலையின்மை ஏறாதது ஏன் என்று 1962இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் ஓகுன் எழுதியதையும் இதே சொல்லால் விளக்கிவிடலாம்.

'ஆளிருப்பு' என்றால் வருகைப்பதிவு மாதிரி ஒலிக்கிறது என்று இங்கே எழுதிய மொரீஷியஸ் நண்பருக்கு: வேண்டுமானால் 'உபரி ஆளிருப்பு' என்று அடை கொடுங்கள். எனக்கு அடை இல்லாமலே போதும்.