லேமினேட் கதவில் கீறல்: 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போடலாமா, கூடாதா?

இழைப்புளி:
கிச்சன் பராமரிப்புத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "லேமினேட் கதவில் கீறலா? 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நைசான உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள், மேலே கார் பாலிஷ் போடுங்கள், புதுசு மாதிரி ஆகிவிடும்." அதைப் படித்து ஆளாளுக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பலகை மேல் ஒட்டுகிற லேமினேட் ஷீட் மொத்தமே 1 மி.மீ. அதில் பெரும்பங்கு பழுப்பு கிராஃப்ட் தாள். மேலே டிசைன் அச்சடித்த தாள் ஒன்றே ஒன்று. அதற்கும் மேலே மெலமின் பிசின் பூச்சு, அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேய்த்தால் அடுத்து டிசைன் போகும். டிசைன் போனால் திரும்ப வராது. தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.

கோவை பாலிஷ்காரன்:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். என் வீட்டுப் பளபள ஃபினிஷ் கதவில் நானே செய்தது. இப்போது முகம் பார்க்கலாம். 2000 நம்பர் என்பது மரம் தேய்க்கிற உப்புத்தாள் இல்லை. தினமும் கார் பெயின்ட்டில் போடுகிறேன், ஒன்றும் ஆகாது.

இழைப்புளி:
முகம் பார்க்கலாம் என்றால் அது அக்ரிலிக் கதவாக இருக்கும். அக்ரிலிக்கை 2000, 3000 போட்டு காம்பவுண்டால் பாலிஷ் ஏற்றலாம், அதை நான் மறுக்கவே இல்லை. லேமினேட்டை முடியாது. உங்கள் கதவு எது?

கோவை பாலிஷ்காரன்:
ஷீட் ஒட்டின கதவு. ஷீட் என்றால் ஷீட்தான். பேச்சை மாற்றாதீர்கள். 2000 நம்பர் போட்டால் டிசைன் போகும் என்றீர்கள். என் கதவில் போகவில்லை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நங்கநல்லூர்க்காரி:
நடுவில் ஒரு கேள்வி. சிங்க்குக்குக் கீழே இருக்கிற கதவில் குக்கர் இழுத்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. தேக்கு டிசைன், மேட். இதற்கு என்ன செய்வது?

கோவை பாலிஷ்காரன்:
2000 நம்பர் வாட்டர் பேப்பர், மேடம். லேசாக.

இழைப்புளி:
மேட் ஃபினிஷிலுமா? அம்மா, அதைத் தொடவே தொடாதீர்கள். மேட் ஷீட்டைத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாக நிற்கும். கீறல் ஒரு கோடு, இந்தத் திட்டு உள்ளங்கை அகலம். எது மேல்?

முதலில் அது கீறல்தானா என்று பாருங்கள். விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் அது குக்கரின் அலுமினியம் ஒட்டிய தடம். பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் ஈரத்துணியும் போதும். போகாவிட்டால் பஞ்சில் துளி தின்னர் தொட்டுத் துடைத்து, உடனே ஈரத்துணியால் துடையுங்கள். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகம் சிக்கினால்தான் கீறல். அதற்கு மெழுகு நிரப்பும் குச்சி வாங்குங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. தேக்கு டிசைனுக்கு ஒரே நிறம் சேராது. வெளிர் பழுப்பு ஒன்று, அடர் பழுப்பு ஒன்று. சால்டரிங் அயர்ன் நுனியில் இரண்டையும் உருக்கிக் கலந்து கீறலுக்குள் சொட்டு விடுங்கள். ஆறியதும் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் மேலே நிற்கிற மெழுகைச் சீவி எடுங்கள். கீறல் போகிற திசையில் சீவினால் உள்ளே இருப்பதும் பெயர்ந்து வந்துவிடும், குறுக்கே சீவுங்கள். கடைசியில் மென்மையான துணி. அடுப்பை ஒட்டிய கதவென்றால் இது வேண்டாம், சூட்டில் மெழுகு இளகும். உங்களுடையது சிங்க் கதவு என்பதால் விட்டுவைக்கவும் கூடாது. கோடு பலகை வரை போயிருந்தால் தண்ணீர் இறங்கி ஊதிவிடும்.

சிட்லபாக்கம் சீனு:
கார்ப்பென்டர் வைத்துச் செய்த கிச்சன் என்றாலே இதுதான் கதி. ஃபேக்டரியில் பிரஸ் பண்ணி வருகிற ப்ரீலாம் கதவு கீறாது. எங்கள் வீட்டில் அதுதான்.

இழைப்புளி:
ப்ரீலாம் கீறாதா? பார்ட்டிக்கிள் போர்டின் மேல் மெலமினில் ஊறின டிசைன் தாளை நேரே அழுத்தி ஒட்டுவதுதான் ப்ரீலாம். அடியில் கிராஃப்ட் தாள் அடுக்கே கிடையாது. அதாவது 1 மி.மீ. ஷீட்டைவிட மெலிசு. ஆழமாகக் கீறினால் நேரே தூள் பலகைதான் தெரியும். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நீங்களே போய்ச் சிங்க் அடியில் பாருங்கள். கார்ப்பென்டர்கள் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று தெரியும். போன வருஷம் 710 பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) திரியில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

சிட்லபாக்கம் சீனு:
அந்தத் திரியை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? அங்கேயும் கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று எல்லோரையும் விரட்டினீர்கள். 710 முத்திரை போட்டு வருவதெல்லாம் நிஜ 710 இல்லை என்றுதான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

இழைப்புளி:
முத்திரை போலியாக இருந்தால் அது விற்றவன் குற்றம், இழைத்தவன் குற்றமா?

கோவை பாலிஷ்காரன்:
பிளைவுட் கதை யாருக்கு வேண்டும்? 2000 நம்பருக்கு வாருங்கள். எல்லா லேமினேட்டிலும் உள்ளே பழுப்பு என்பதும் தப்பு. உள்ளே வரை ஒரே நிறமாக வருகிற கலர் கோர் ஷீட் இருக்கிறது. கேள்விப்பட்டதில்லையா, அண்ணே?

இழைப்புளி:
இருக்கிறது. விலை அதிகம், நம் வீடுகளில் போடுகிறவர்கள் அபூர்வம். அதுவும் தேக்கு டிசைனில் எப்படி உள்ளே வரை வரும்? நீ சொன்னது கலர் கோருக்கா, ஊரில் எல்லோர் வீட்டுக் கதவுக்குமா, தம்பி?

கோவை பாலிஷ்காரன்:
தம்பி, நீ, வா, போ எல்லாம் உங்கள் பட்டறைப் பையன்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இழைப்புளி:
பட்டறைப் பையன் என்று இளப்பமாகப் பேச வேண்டாம். கையில் தழும்போடு தொழில் கற்ற பிள்ளைகள் அவர்கள். அவர்களில் ஒருவன்கூட லேமினேட் முகப்பில் வாட்டர் பேப்பர் போட மாட்டான்.

ஓசூர் பொறியாளன்:
தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு மறைகிறதே?

இழைப்புளி:
எண்ணெய் ஈரமாக இருக்கிற வரை மறையும். அப்புறம் தூசி அதில் அப்பி, இருந்த கோடு கறுப்புக் கோடாகும்.

சிட்லபாக்கம் சீனு:
எது சொன்னாலும் கூடாது. இவருக்குத்தான் எல்லாம் தெரியும். அதே டிசைன் நம்பர் ஷீட்டை வாங்கிப் புதுசாக ஒட்டிவிட்டால் சண்டையே இல்லை.

இழைப்புளி:
அதே டிசைன் நம்பரில் வாங்கினாலும் அடுத்த பேட்ச்சில் நிறம் தள்ளிப் போகலாம். கேட்டலாக் மாறினால் அந்த எண்ணே இருக்காது. கிடைத்தாலும் 8க்கு 4 முழு ஷீட்தான் தருவார்கள், ஒரு கதவுக்காக 32 சதுர அடி. பழைய ஷீட்டின் மேலேயே ஒட்டினால் கதவு 1 மி.மீ. தடிக்கும், கீலைத் திருத்த வேண்டும், விளிம்பில் ஒட்டுகிற எட்ஜ் பேண்ட்டும் மாற்ற வேண்டும். அப்படி ஒட்டும்போது பழைய ஷீட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குவோம். ஒட்டு பிடிக்க வேண்டுமே. லேமினேட் முகப்பில் உப்புத்தாளுக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான்.

கோவை பாலிஷ்காரன்:
பார்த்தீர்களா, நீங்களே லேமினேட்டில் உப்புத்தாள் போடுகிறீர்கள்! அதைவிட எத்தனையோ மடங்கு நைசான 2000 நம்பர் மட்டும் கூடாதாம்.

இழைப்புளி:
மூடப் போகிற ஷீட்டும் கண்ணெதிரே தினமும் நிற்கப் போகிற ஷீட்டும் ஒன்றா?

நங்கநல்லூர்க்காரி:
நகம் சிக்குகிறது. மெழுகு வாங்கியாயிற்று. அடர் நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. உங்கள் சண்டையில் யாருக்காவது நேரம் இருந்தால் சொல்லுங்கள்.

கோவை பாலிஷ்காரன்:
என் கதவின் படம் போட்டிருக்கிறேன். எல்லோரும் பாருங்கள். எங்கே போயிருக்கிறது டிசைன்?

இழைப்புளி:
ஒரே வெள்ளைக் கதவு. இதில் எந்த டிசைனைத் தேடுவது? ஃபிளாஷ் போட்டு நேருக்கு நேர் எடுத்தால் எந்தக் கதவும் நன்றாகத்தான் தெரியும். சாய்வாக வெளிச்சம் விழும்போது பக்கவாட்டில் நின்று எடுத்துப் போடுங்கள்.

கோவை பாலிஷ்காரன்:
நீங்கள் சொல்கிற கோணத்தில் எல்லாம் எடுக்க நான் உங்கள் வேலையாள் இல்லை.

இழைப்புளி:
அப்படியானால் அடுத்தவர் வீட்டுக் கதவுக்கு யோசனை சொல்லாதீர்கள்.

கோவை பாலிஷ்காரன்:
சொல்வேன். நாளைக்கே வீடியோவாகப் போடுகிறேன், அதே 2000 நம்பரில்.