தாமஸ் மன்றோ: பட்டாளத்துக்காரருக்குத் தருமபுரியில் வரி வசூல் வேலை எப்படி வந்தது?

பென்னாகரத்தான்:
குரூப் 2-க்குப் படிக்கிறேன். ரயத்துவாரி முறை (குடியானவனிடமே சர்க்கார் நேராக வரி வாங்குவது), 1820, மன்றோ என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், திப்பு பாராமகாலை (நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சீமை) கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த கையோடு மன்றோ துரை தருமபுரிக்கு வந்து நிலத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார் என்கிறார்கள். திப்பு விட்டுக்கொடுத்தது 1792. நடுவில் 28 வருஷம் இடிக்கிறதே, எது சரி? அப்புறம், மேஜர் ஜெனரல் என்றும் போட்டிருக்கிறது. பட்டாளத்துக்காரருக்கு வரி வசூலில் என்ன வேலை? காஞ்சிபுரத்தில் பீரங்கியைக் குளத்தில் தள்ளிவிட்டு ஓடிய மன்றோவும் இவர்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:
தம்பி, குளத்தில் பீரங்கியைத் தள்ளியவர் ஹெக்டர் மன்றோ. பக்ஸாரில் ஜெயித்தவர், 1780-ல் ஹைதர் அலி பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை அழித்த மறுநாள் காஞ்சிபுரத்தை விட்டுச் சென்னைக்குத் திரும்பியவர். நம்ம ஆள் அப்போது அதே படையில் 19 வயசுப் பையன், அந்த வருஷம் ஜனவரியில்தான் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். திருவிதாங்கூரில் திவானாக இருந்த ஜான் மன்றோ என்று மூன்றாவது ஒருவரும் உண்டு, கொல்லம் பக்கம் மன்றோ தீவு அவர் பேரில் இருப்பது. மூன்று பேரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

தாமஸ் மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா வர்ஜீனியாப் புகையிலை வியாபாரி, அமெரிக்கா சண்டை போட்டுப் பிரிந்துபோனதில் வியாபாரம் படுத்துவிட்டது. அதனால்தான் பையன் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்கு வந்தார். துரை என்றதும் பல்லக்கும் பரிவாரமும் நினைவுக்கு வரும், ஆனால் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் வேறு கதை இருக்கிறது. முதல் மூன்று வருஷம் தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு புத்தகம் அல்லது தோட்டாப் பை, அவ்வளவுதான். படுக்கை, நான்கு குச்சிமேல் இழுத்துக் கட்டிய கித்தான். போர்த்திக்கொள்ள ஊரிலிருந்து கொண்டுவந்த மேல்கோட்டு.

இந்தக் காலத்தில்தான் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். 1788-ல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நடத்திய உளவுப் பிரிவில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1792-ல் பாராமகால் கைக்கு வந்தபோது, சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு நம்ம மொழியும் தெரியாது, கையும் சுத்தமில்லை என்பது கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் எண்ணம். அதனால் ரீடைக் கலெக்டராகப் போட்டார், ரீடுக்குக் கீழே மன்றோ, கிரஹாம், மெக்லியாட் என்று மூன்று பட்டாள ஆபீசர்கள். ரீட் திருப்பத்தூரில் உட்கார்ந்தார், மன்றோ தருமபுரியில். 7 வருஷம் இங்கேதான் வீடு, தோட்டம் எல்லாம். கனராவுக்கு (மேற்குக் கடற்கரைச் சீமை) மாற்றிய பிறகும் அந்தத் தோட்டத்தை நினைத்து ஏங்கி ஏங்கிக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இடைத்தரகர் வேண்டாம், சர்க்கார் நேராகக் குடியானவனிடம் கணக்கு வைத்துக்கொள்ளட்டும் என்பது இங்கேதான் படிப்படியாக உருவானது. சரியாகச் சொன்னால் தொடங்கியவர் ரீட், மன்றோ அவரிடம் பாடம் படித்தவர். வருஷா வருஷம் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி என்று கிராமக் கணக்கைச் சரிபார்க்கிறார்களே, ஜூலையில் தொடங்கும் பசலி என்கிற வருவாய் ஆண்டுக் கணக்கோடு, அந்த வருடாந்தரக் கணக்கு ரயத்துவாரியின் முதுகெலும்பு. நான் சர்வீஸில் இருந்தவரைக்கும் அடங்கல் என்கிற பயிர்க் கணக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு அந்த மே, ஜூன் வெயிலில் போகாத வருஷம் இல்லை. தலையாரிக்கு ஒரு மூட்டை, எனக்கு ஒரு மூட்டை.

ஓசூர் வாசகன்:
ஐயா சொன்னது சரிதான், ஆனால் நடுவில் ஒரு பெரிய சங்கதி விட்டுப்போயிற்று. இவர்கள் கிளம்பியதும் கம்பெனி, இடைத்தரகர் மூலம் நிலையான வரி வாங்கும் வங்காளத்து ஜமீன்தாரி பாணியை இங்கே கொண்டுவந்தது. 1802 வாக்கில் சேலம், பாராமகால் நிலத்தையெல்லாம் மிட்டா மிட்டாவாக, அதாவது சின்னச் சின்ன ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டாதார் வீடு என்று இன்றைக்கும் நம்ம பக்கம் சொல்கிறோமே, அந்த வம்சங்கள் அப்படி வந்தவை. மானாவாரிக் கேழ்வரகு விளைகிற பூமியில் நிலையான வரி கட்டி மாளுமா? பல மிட்டாக்கள் பாக்கியில் மூழ்கிச் சர்க்காரிடமே திரும்பின. மன்றோ 1820-ல் கவர்னரானதும் ரயத்துவாரியை மாகாணத்துக்கே பொதுவாக்கினார். உங்கள் 28 வருஷக் கணக்கு இதுதான் பென்னாகரத்தான், பரிசோதனை 1792, சட்டமாக நின்றது 1820.

பட்டாள வாழ்க்கை பற்றியும் கேட்டீர்கள். பதவி உயர்வு ஆமை வேகம், கேப்டன் ஆவதற்கே 16 வருஷம் ஆயிற்று. 1817-18 மராட்டிய யுத்தத்தில்தான் தளபதி என்று பேர் வாங்கினார். கையில் இருந்த நிரந்தரப் படை சொற்பம். உள்ளூர் சேவகர்களைத் திரட்டி, பிடித்த ஊரில் உடனே அமில்தாரை (வரி வசூல் அதிகாரி) உட்காரவைத்து, அங்கே வசூலான வரியிலேயே அடுத்த கோட்டைக்குச் செலவு செய்தார். பாதாமி, பெல்காம், சோலாப்பூர் எல்லாம் இப்படி விழுந்தவை. சிப்பாய் மூளையும் கணக்குப்பிள்ளை மூளையும் ஒரே ஆளிடம் இருந்தால் இதுதான் நடக்கும்.

ஆனால் இவரைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கடப்பை, பெல்லாரிச் சீமையில் 1800 முதல் 1807 வரை கலெக்டராக இருந்தபோது சுமார் 80 பாளையக்காரர்களை ஒடுக்கினார். அங்கே போட்ட வரி ஏறக்குறைய விளைச்சலில் பாதி. அதிகம் என்று அவருக்கே தெரிந்து, போகும்போது நாலில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லி எழுதினார். அந்தக் குறைப்பு கிடைத்தது அவர் கவர்னரான பிறகுதான். அதுவரைக்கும் கட்டியவன் கட்டினான், முடியாதவன் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

பழைய கணக்குப்பிள்ளை:
ஓசூர் தம்பி, வரி அதிகம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மிட்டாதாரிடம் மாட்டியவனைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். மன்றோ சீமைக்குத் திரும்பக் கிளம்ப இருந்த நேரத்தில், அந்தக் கடப்பை, பெல்லாரிப் பக்கத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சுற்றுப்பயணம் போய், 1827 ஜூலை 6-ல் பத்திகொண்டாவில் காலராவில் செத்தார். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்திருக்கிறார்கள். பயந்து வைக்கிற பேரா அது?

ஓசூர் வாசகன்:
பிள்ளைக்குப் பேர் வைத்தது உண்மைதான் ஐயா. நிலத்தை விட்டு ஓடினவன் பேர் எந்தக் கணக்கிலும் இல்லையே.

பென்னாகரத்தான்:
இருவருக்கும் நன்றி. சண்டையை நிறுத்த வேண்டாம், படிக்க நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி, பரீட்சையில் ரயத்துவாரியைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டு ரீட், மன்றோ இரண்டும் தனித்தனி விடையாக வந்தால் எதைக் குறிப்பது?

பழைய கணக்குப்பிள்ளை:
மன்றோவைக் குறி. பாராமகாலில் முதலில் தொடங்கியவர் யார் என்று ஊர் பேர் சொல்லிக் கேட்டால் மட்டும் ரீட்.