புதுப்பிப்பு: அப்பாவும் சரக்குக் கப்பலும்

சேலம் லீ பஜாரில் முப்பது வருடம் லாரிக்கு மூட்டை ஏற்றிய என் அப்பா, சரக்குக் கப்பலில் பயணியாகப் போக முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பலாகிவிடும். அதனால் சரக்குக் கப்பல்களில் 12 பேர் வரைதான். டாக்டர் பெரும்பாலும் இருக்க மாட்டார், அதற்காகவே மருத்துவச் சான்றும் வயது வரம்பும். 2020 கொரோனாவுக்குப் பிறகு பல நிறுவனங்கள் பயணிகளை ஏற்றுவதையே நிறுத்திவிட்டன. நாங்கள் எழுதிய ஒரு நிறுவனம் பதிலே போடவில்லை. அப்பாவுக்கு வயது 71, காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி என்று சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் கப்பலில் ஏறினோம். ஆட்களோடு சரக்கும் ஏற்றும் கப்பல், ஏறக்குறைய மூன்று நாள். கிரேன் மூட்டைகளை இறக்கியபோது அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். "தைத்த வாய் உள்பக்கம் இருக்கணும்பா, பாரு, சரியா அடுக்குறாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. இரண்டாம் நாள் குமட்டலுக்கு அம்மா கட்டிக்கொடுத்த நாரத்தங்காய் ஊறுகாய்தான் கைகொடுத்தது.

அப்புறம், ஐரோப்பா போகும் சரக்குக் கப்பல் எதிலாவது இப்போது ஆள் ஏற்றுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் சொல்லுங்கள், வயது வரம்போடு.