புதுப்பிப்பு: குளத்து மரமேடை இப்போது மிதவை மேடை

கால்கள் உளுத்துப்போன மேடையை எப்படி மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பிடுங்கிப் பார்த்தால், சேற்றுக்குள் இருந்த பகுதி கெட்டியாகவே இருக்கிறது. ஈரமும் காற்றும் சேரும் நீர்மட்டத்து ஒரு சாண்தான் விரலால் அழுத்தினாலே உதிர்கிறது.

தண்ணீர் ஏறி இறங்கும் குளத்துக்கு மிதவைதான் சரி. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் முழுக்க அமிழ்ந்தால் சுமார் 190 கிலோ தாங்கும். அந்த எடையில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். டிரம்களை நான்கு மூலையிலும் கட்டுங்கள், நடுவில் வைத்தால் விளிம்பில் ஒருவர் நின்றாலே சாயும். டிரம் மூடி மரைகளில் தண்ணீர் புகாமலிருக்க டெஃப்லான் டேப் சுற்றுவது அவசியம்.

உளுக்காமலிருக்கச் செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் சாதா ஆணியை அரித்துவிடும். துத்தநாகம் கனமாகப் பூசிய போல்ட், பெரிய வாஷர் போடுங்கள். பலகை இடைவெளி 6 மி.மீ. கரையோடு இணைக்கும் பாலத்துக்குக் கீல் வேண்டும். இறுக்கிப் பூட்டினால் மட்டம் இறங்கும்போது சட்டமே பிளக்கும்.