சாப்வா மீனுக்கு மூக்கு சிவந்துபோச்சு, மருந்து போடலாமா?

கேள்வி: தாம்வே, யாங்கோன் (மியான்மர்)

வணக்கம். 60 லிட்டர் தொட்டி. மூணு வாரத்துக்கு முன்னாடி இன்லே ஏரி மீன்னு சொல்லி 12 குட்டி மீன் வாங்கினேன். பேர் சாப்வான்னு கடையில சொன்னாங்க. வாங்கும்போது எல்லாமே வெளிறின வெள்ளி நிறம். போன வாரத்துல இருந்து அஞ்சு மீனுக்கு மூக்கும் வால் நுனி ரெண்டும் ரத்தம் கட்டின மாதிரி சிவந்திருக்கு, உடம்பு நீலமா மின்னுது. ஒண்ணையொண்ணு விரட்டுதுங்க. மிச்சதெல்லாம் மங்கலாவே இருக்கு. காலையில விளக்கு போட்டா எல்லாமே சோகை பிடிச்ச மாதிரி வெளுத்திருக்கு, கொஞ்ச நேரத்துல தேறிடுது. ஒண்ணு மட்டும் வாயோரம் லேசா வெள்ளையா, ஃபில்டர் பக்கத்துலேயே நிக்குது. கடையில கேட்டா வாய்ச் சிவப்பு நோய்னு ஒரு மஞ்சள் தூள் கொடுத்து, தொட்டி முழுக்கப் போடச் சொன்னாங்க. இன்னும் போடலை. மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டி முன்னாடியே உட்கார்ந்து, "செத்துடுமாம்மா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். போடவா?

பதில்: தவுஞ்ஜி

தங்கச்சி, தூளைப் போடாதீங்க. சிவந்த அஞ்சும் ஆண். அதுதான் அதுங்களோட அழகே. சாப்வாங்கிறது மியான்மர்ல ஷான் பகுதிச் சிற்றரசர்களுக்கு இருந்த பட்டம். 1918ல ஆனண்டேல்ங்கிற விலங்கியல் அறிஞர் இந்த மீனை விவரிச்சு எழுதினப்போ அந்தப் பேரையே வெச்சார். மங்கலா இருக்கிறதுல பெரும்பாலும் பெண்ணாத்தான் இருக்கும், அதுங்க கடைசிவரை அப்படித்தான். கடைத் தொட்டியில நெரிசல்லயும் பயத்துலயும் ஆணுக்கும் நிறம் வராது. உங்க வீட்ல பயம் தெளிஞ்சு இப்பத்தான் வந்திருக்கு.

நோய்ச் சிவப்பு வேற மாதிரி இருக்கும். துடுப்புல நரம்பு நரம்பா ரத்தக் கோடு ஓடும், இல்லேன்னா ஒரு பக்கம் மட்டும் புண் மாதிரி இருக்கும், செவுள் கன்னிப்போய் மேல வந்து மூச்சு வாங்கும். உங்க மீனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவுல, ஓரம் சுத்தமா இருக்கான்னு பாருங்க. தீனி போட்டா முதல்ல ஓடி வர்றதும் அதுங்களாத்தான் இருக்கும். காலையில வெளுத்திருக்கிறதும் நோயில்லை. ராத்திரி இருட்டுல நிறத்தை உள்ள இழுத்துக்கும், நியான் டெட்ரா மீனும் இப்படித்தான்.

ஆனா நீங்க நடுவுல ஒரே வரியில சொல்லிட்டுப் போனீங்களே, வாயோரம் வெள்ளையா ஒண்ணு தனியா நிக்குதுன்னு, என் கவலை அதுதான். அது சாப்பிடுதா? வெள்ளை, உப்புக்கல் மாதிரி தனித்தனிப் புள்ளியா, பஞ்சு மாதிரி படையா? தண்ணி எத்தனை டிகிரி? கரண்ட் போனா ஃபில்டர் எவ்வளவு நேரம் நிக்குது?

பதில்: மோல்மீன் ஊரிலிருந்து

அண்ணன் சொல்றதைக் கேளும்மா. நான் தெரியாம ஒரு தங்க மீனையே கொன்னுட்டேன். செவுள் மூடியிலயும் முன் துடுப்பு ஓரத்துலயும் வெள்ளை வெள்ளையா மணி மாதிரி வந்துச்சு. வெள்ளைப் புள்ளி நோய்னு நினைச்சு ரெண்டு மடங்கு மருந்து ஊத்தினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆண் தங்க மீனுக்கு இனப்பெருக்கக் காலத்துல அப்படி வருமாம். நோய்ப் புள்ளின்னா வால், முதுகுன்னு கண்ட இடத்துலயும் இருக்கும், மீன் கல்லுல போய் உரசும். இன்னைக்கும் அதை நினைச்சா மனசு கேக்க மாட்டேங்குது.

கேட்டவர்: தாம்வே

அண்ணே, நீங்க சொன்னதும்தான் உன்னிச்சுப் பார்த்தேன். புள்ளி இல்லை, உதட்டுல சாம்பல் கலந்த வெள்ளைப் படை. நேத்தைவிட இன்னைக்குப் பெருசு. சாப்பிடலை. தண்ணி 30 டிகிரி. கரண்ட் நாலு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல போகுது. தண்ணியைச் சோதிச்சா அமோனியா (மீன் கழிவுல வர்ற விஷம்) 0.5 காட்டுது, பூஜ்யமா இருக்கணும்னு அட்டையில போட்டிருக்கு.

பதில்: தவுஞ்ஜி

வாய்ப்பஞ்சு நோய் மாதிரிதான் தெரியுது. பார்க்கப் பூஞ்சணம் மாதிரி இருந்தாலும் அது பாக்டீரியா. சூட்டுல வேகமாப் பரவும். வெள்ளைப் புள்ளிக்குச் செய்ற மாதிரி சூட்டை ஏத்திடாதீங்க, இதுக்கு அது எமன். இன்லே ஏரி கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்துல இருக்கு, குளிர்ந்த தண்ணி. இதுங்களுக்கு 22, 24 டிகிரி போதும். யாங்கோன் வெயில்ல 30 டிகிரியில நிக்குதுங்க பாவம்.

அந்த ஒண்ணை இப்பவே தனி வாளிக்கு மாத்துங்க. லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, காத்துக்கல் (காத்துக் குமிழி விடுற கல்) போடுங்க. தொட்டியில இன்னைக்கு மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, நாளைக்கும் மாத்துங்க. மூடியைத் திறந்து, தண்ணி மேல காத்து அடிக்கிற மாதிரி சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். கரண்ட் போற நேரத்துக்கு பேட்டரியில ஓடுற காத்து மோட்டார் ஒண்ணு வாங்கிடுங்க. ரெண்டு நாள் தீனியைக் குறைங்க. அந்த மீனைப் பிடிக்கிற வலையைத் தனியா வைங்க.

தூளை ஏன் வேண்டாங்கிறேன்னா, அதுல என்ன இருக்குன்னே தெரியலை. பாக்டீரியாவைக் கொல்ற மருந்துன்னா ஃபில்டர்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவும் போயிடும், அமோனியா இன்னும் ஏறும். அதோட சாப்வாவுக்குச் செதிலே கிடையாது. மத்த மீன் தாங்குற அளவை இது தாங்காது.

கேட்டவர்: தாம்வே (பத்து நாள் கழிச்சு)

வாளியில விட்டது நாலாம் நாள் போயிடுச்சுண்ணே. மகன் ரொம்ப அழுதான். முதல் நாளே பிரிச்சிருந்தா பிழைச்சிருக்குமோன்னு இருக்கு. மத்த 11ம் நல்லா இருக்கு. அமோனியா பூஜ்யம், தண்ணி 27. சிவப்பு மூக்கு அஞ்சும் இன்னும் சிவந்திருக்கு, இப்ப பார்க்கப் பார்க்க ஆசையா இருக்கு. இன்னைக்கு ஜாவா பாசியில குண்டூசித் தலை மாதிரி கண்ணாடி மணி ரெண்டு மூணு ஒட்டியிருக்குன்னு மகன் காட்டுறான். இதுவும் நோயா?

பதில்: தவுஞ்ஜி

முட்டை! பாசியோட எடுத்து அதே தொட்டித் தண்ணியில தனியா வைங்க. விட்டா பெருசுங்க தின்னுடும். ரெண்டு நாள்ல வெள்ளையாப் போனதைத் தூக்கிப் போட்டுடுங்க, அது உயிர் பிடிக்காதது. தெளிவா இருக்கிறதுக்குள்ள கறுப்பா கண்ணு தெரியும், தம்பியைப் பார்க்கச் சொல்லுங்க.